வீட்டுக்குள்ள காத்து நல்லா இருக்கணும்னு செடி வாங்கப் போறீங்களா? எதை வாங்கணும், எங்க வைக்கணும், எப்படி சாகாம பாத்துக்கணும்

எங்க அம்மாவுக்கு ரொம்ப வருஷமா மூச்சு இரைப்பு உண்டு. காத்தை சுத்தம் பண்ற செடிங்கன்னு ஒரு பட்டியல் வாட்ஸ்அப்ல வந்துச்சு, அதைப் பாத்துட்டு ஒரே வாரத்துல 14 தொட்டி வாங்கி அவங்க ரூம்ல அடுக்கிட்டேன். ஏசி ரூம், ஜன்னல் எப்பவும் சாத்தித்தான் இருக்கும், நான் வேற தினமும் காலையில ஒரு சுத்து எல்லாத்துக்கும் தண்ணி ஊத்திடுவேன். மூணு வாரத்துல மண்ணு மேல வெள்ளையா பூஞ்சை படர்ந்துச்சு, சின்னச் சின்ன கருப்புப் பூச்சி பறக்க ஆரம்பிச்சுச்சு, கதவைத் திறந்தாலே ஒரு ஈர வாடை, அம்மாவுக்கு இரைப்பு குறையறதுக்கு பதிலா கூடிருச்சு. டாக்டர்கிட்ட போனப்ப அவங்க கேட்ட முதல் கேள்வியே, அந்த ரூம் ஜன்னலைத் திறக்குறீங்களா இல்லையாங்கிறதுதான்.

இப்ப அதே ரூம்ல 3 செடிதான் இருக்கு, மூணும் நல்லா இருக்கு, ஜன்னல் தினமும் திறந்திருக்கு, அம்மாவும் பரவால்ல. அந்த 14க்கும் இந்த 3க்கும் நடுவுல நான் படிச்சதையும் பழகினதையும்தான் இங்க எழுதுறேன், ஏன்னா அந்த பட்டியல் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு, நல்ல மனசோட வாங்கி வச்சவங்க நிறைய பேர் இதே சிக்கல்ல மாட்டிக்கிறாங்க.

முதல்ல அந்த நாசா விஷயம்

எல்லா பட்டியலும் கடைசியில நாசா சொல்லுச்சுன்னுதான் முடியும். நாசா ஆராய்ச்சி பண்ணது உண்மைதான். விண்வெளி நிலையம் மாதிரி முழுக்க மூடின இடத்துல மனுஷங்க மாசக்கணக்கா இருந்தா உள்ள இருக்குற காத்து என்ன ஆகும்ங்கிற கவலையிலதான் அது ஆரம்பிச்சது, 1973ல ஸ்கைலேப் நிலையத்துக்குள்ள காத்தை சோதிச்சப்ப 100க்கும் மேல ஆவியாகுற ரசாயனங்கள் இருந்ததா கண்டுபிடிச்சாங்க. அப்புறம் பில் வுல்வர்டன்ங்கிற விஞ்ஞானி தலைமையில சோதனைங்க நடந்து 1989ல அறிக்கை வந்துச்சு. சின்னதா, காத்து போக வர வழியில்லாம மூடின பெட்டிக்குள்ள ஒரு செடியை வச்சு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, டிரைகுளோரோஎத்திலீன்னு மூணு ரசாயனத்தை உள்ள விட்டு, 24 மணி நேரத்துல எவ்வளவு குறையுதுன்னு பாத்தாங்க. நல்லாவே குறைஞ்சுது. அதே ஆராய்ச்சியில, இலையை விட வேர்ப்பக்கம் மண்ணுல இருக்குற நுண்ணுயிரிங்கதான் நிறைய வேலை பண்ணுதுன்னும் தெரிஞ்சுது, அதனால சில தொட்டியில ரசாயனத்தை உறிஞ்சுற ஆக்டிவேட்டட் கார்பன்ங்கிற கரியைப் போட்டு ஒரு ஃபேன் வச்சு காத்தை வேர் வழியா இழுத்தும் பாத்தாங்க. இந்த பாதி மட்டும் எந்த ஃபார்வர்டுலயும் வர்றதே இல்ல.

நம்ம வீடு அந்தப் பெட்டி மாதிரி கிடையாது. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியா காத்து எப்பவும் போய் வந்துட்டேதான் இருக்கு, அந்தப் போக்குவரத்தே ரசாயனத்தை வெளிய தள்ளிடுது. 2019ல டிரெக்செல் பல்கலைக்கழகத்துல கம்மிங்ஸ், வாரிங்னு ரெண்டு பேர் 12 ஆய்வுகள்ல இருந்து 196 சோதனை முடிவுகளை எடுத்து ஒண்ணா சேத்துக் கணக்குப் போட்டாங்க. சாதாரண கட்டடத்துல தானா நடக்குற காத்துப் பரிமாற்றத்துக்கு ஈடா செடி வேலை பண்ணணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10ல இருந்து 1000 செடி வரைக்கும் தேவைன்னு வந்துச்சு. 10 சதுர மீட்டர் பெட்ரூம்னு வச்சுக்கங்க, குறைஞ்சபட்சமே 100 தொட்டி. படுக்க இடம் இருக்காது.

அப்ப செடி எதுக்குன்னு கேப்பீங்க. நான் இன்னும் வைக்கிறேன், வைக்கச் சொல்றேன். பச்சையா ஒண்ணு கண்ணு முன்னாடி வளர்றதுல மனசுக்கு ஒரு அமைதி இருக்கு, இலை வழியா கொஞ்சம் ஈரமும் வெளிய வரும், அகலமான இலையில தூசி படிஞ்சு உக்காந்துக்கும், நாம துடைச்சு எடுத்துடலாம். இதுக்கெல்லாம் மேல ஒரு விஷயம், செடிக்கு வெளிச்சம் வேணும்னு திரையை விலக்குவோம், அப்படியே ஜன்னலையும் திறப்போம். எங்க வீட்டுல காத்து மாறினது அப்படித்தான்.

செடிக்கு முன்னாடி செய்ய வேண்டியது

இதை ரொம்ப இழுக்க மாட்டேன், ஆனா சொல்லாம விட முடியாது. வீட்டுக்குள்ள காத்து கெடுறதுக்கு முக்கிய காரணம் புகை, சமையல் ஆவி, புது பெயின்ட், பிளைவுட் எம்டிஎஃப் மாதிரி பலகையில இருக்குற பசையில இருந்து வர்ற ஃபார்மால்டிஹைடு, ஈரச்சுவர் பூஞ்சை, நெடி அடிக்கிற ரூம் ஸ்பிரே. வீட்டுக்குள்ள யாரையும் சிகரெட் பிடிக்க விடாதீங்க, சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு சமைச்சு முடிச்சப்புறமும் ஒரு 10 நிமிஷம் ஓட விடுங்க, எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் தினம் கொஞ்ச நேரம் திறங்க, புது பர்னிச்சர் வந்தா முதல் சில வாரம் அந்த ரூமை நல்லா காத்தாட விடுங்க. வெளியவே புகைமூட்டமா இருக்குற நாள்ல ஜன்னலை சாத்திட்டு ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர் போடுறது நல்லது, அந்த ஃபில்டர் 0.3 மைக்ரான் அளவு துகள்ல 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். பிஎம் 2.5ங்கிற, காத்துல மிதக்குற மிக நுண்ணிய துகளைப் பொறுத்தவரைக்கும் ஜன்னல் ஓரத்துல நிக்கிற நாலு தொட்டியால பெருசா எதுவும் பண்ண முடியாது. கார்பன் மோனாக்சைடு வேற கதை, அது உயிரையே எடுக்குற வாயு, அதுக்கு செடியை நம்பவே நம்பாதீங்க.

இப்ப செடி தேர்ந்தெடுக்கிறது. கடைக்குப் போறதுக்கு முன்னாடி வெளிச்சத்தைப் பாருங்க

எல்லாரும் செடியைப் பாத்துட்டு அப்புறம்தான் எங்க வைக்கலாம்னு யோசிக்கிறாங்க, அதைத் தலைகீழா பண்ணணும். நம்ம கண்ணு வெளிச்சத்துக்குத் தக்க மாதிரி தன்னை மாத்திக்கும், அதனால ரூம் நல்லா வெளிச்சமாத்தானே இருக்குன்னு தோணும், செடிக்கு அது இருட்டா இருக்கும். வெளிய நேரடி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) இருக்கும், ஆபீஸ்ல நாம நல்ல வெளிச்சம்னு நினைக்கிறது 300ல இருந்து 500 லக்ஸ்தான். வித்தியாசத்தை பாருங்க.

ஒரு சுலபமான சோதனை இருக்கு. மத்தியானம், லைட்டெல்லாம் அணைச்சுட்டு, செடி வைக்கப்போற இடத்துல ஒரு வெள்ளைப் பேப்பரை வைங்க, அதுக்கு ஒரு அடி மேல கையைப் பிடிங்க. நிழல் விரல் விரலா தெளிவா விழுந்தா நல்ல வெளிச்சம், ஓரம் மங்கலா கை உருவம் மட்டும் தெரிஞ்சா நடுத்தரம், நிழலே சரியா தெரியலைன்னா குறைஞ்ச வெளிச்சம். மூணு நாலு இடத்துல பாத்துக் குறிச்சு வச்சுக்கங்க. ஜன்னல்ல இருந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளிப் போனாலே வெளிச்சம் எப்படி சரிஞ்சுடுதுன்னு அப்பத்தான் புரியும்.

குறைஞ்ச வெளிச்சத்துல வளரும்னு எழுதியிருக்குற செடி எதுவும் இருட்டை விரும்புற செடி இல்ல, சாகாம தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான் அர்த்தம். ஜன்னலே இல்லாத ரூம்னா ஒரு வெள்ளை எல்இடி பல்பை செடிக்கு ஒரு அடி மேல வச்சு தினம் 12 மணி நேரம் எரிய விடலாம், டைமர் போட்டுட்டா தொல்லையில்ல.

ரெண்டாவதா உங்க கையைப் பாருங்க. நீங்க தண்ணி ஊத்த மறக்குற ஆளா, இல்ல என்னை மாதிரி சும்மா இருக்க முடியாம ஊத்திட்டே இருக்குற ஆளா? மறக்குறவங்களுக்கு இலையிலயும் கிழங்குலயும் தண்ணி சேத்து வச்சுக்கிற செடி வாங்கணும். ஊத்துறவங்க ஸ்பைடர் பிளான்ட், பீஸ் லில்லி பக்கம் போங்க, இல்லாட்டி மணி பிளான்ட்டைத் தண்ணியிலயே வளருங்க. மூணாவது, வீட்டுல தவழுற குழந்தை, பூனை, நாய் இருக்கான்னு. அதைத் தனியா சொல்றேன்.

எந்தெந்த செடி

ஸ்னேக் பிளான்ட். ஒரே ஒரு செடிதான் வாங்குவேன்னு சொன்னா இதைத்தான் சொல்வேன். முன்னாடி சான்சிவேரியான்னு தனி இனமா வச்சிருந்தாங்க, இப்ப டிரசீனாவோட சேத்துட்டாங்க, கடையில பழைய பேரும் ஓடும். கத்தி மாதிரி நிமிர்ந்த தடிமனான இலை, இலையிலேயே தண்ணி வச்சுக்கும், ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஊத்தினா போதும், குளிர்காலத்துல மாசம் ஒரு தடவை. இதைக் கொல்றதுக்கு ஒரே வழி அதிகமா தண்ணி ஊத்துறதுதான், இலைக்கு நடுவுல இருக்குற குழியில தண்ணி தேங்கினாலும் அழுகும், அதனால ஓரமா மண்ணுல ஊத்துங்க.

இது ராத்திரியில ஆக்ஸிஜன் தரும், பெட்ரூம்ல வைங்கன்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்க. விஷயம் என்னன்னா, வறண்ட இடத்து செடிங்கிறதால பகல்ல தண்ணி ஆவியாகி போயிடக் கூடாதுன்னு இலைத்துளையை மூடிக்கும், ராத்திரி திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ள இழுத்து அமிலமா மாத்தி வச்சுக்கும், பகல்ல வெளிச்சம் வந்தப்புறம் அதை எடுத்து சாப்பாடு தயாரிக்கும். ஆக்ஸிஜன் உண்டாகணும்னா வெளிச்சம் வேணும், எந்த செடிக்கும் அது பொது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 550 லிட்டர் ஆக்ஸிஜன் செலவாகுது, ஒரு தொட்டி அதுல ஒரு துளி கூட ஈடுகட்டாது. இதோட மறுபக்க பயமும் தேவையில்ல, ராத்திரி செடி கார்பன் டை ஆக்சைடு விடும், பெட்ரூம்ல வச்சா மூச்சு முட்டும்னு சில பேர் பயப்படுறாங்க, பக்கத்துல தூங்குற ஆள் விடுறதை வச்சு பாத்தா செடி விடுறது ரொம்ப ரொம்ப கொஞ்சம். தாராளமா வைக்கலாம்.

ஜீஜீ பிளான்ட். பளபளன்னு மெழுகு பூசின மாதிரி இலை, கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்து செடி, மண்ணுக்குள்ள உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வச்சிருக்கும், அதுலதான் தண்ணி சேமிக்கும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஊத்தினா தாராளம். ஊருக்கு ஒரு மாசம் போனாலும் திரும்பி வர்றப்ப அப்படியே நிக்கும். மெதுவாத்தான் வளரும், மாசக்கணக்கா புதுத் தளிரே வரலையேன்னு கவலைப்பட்டு உரம் போட்டுடாதீங்க, ஒரு நாள் திடீர்னு ரெண்டு மூணு குருத்து ஒண்ணா கிளம்பும்.

மணி பிளான்ட் உங்களுக்கே தெரியும், தெரியாதவங்க கிடையாது. மண்ணுலயும் வரும் தண்ணியிலயும் வரும். தண்ணியில வைக்கிறதா இருந்தா வாரம் ஒரு தடவை முழுசா மாத்துங்க, இல்லாட்டி கொசு முட்டை போடும், பாட்டில்ல பாசி பிடிக்கும். கொடியில கணு இருக்குற இடத்தோட வெட்டி வைக்கணும், கணு இல்லாத வெறும் இலையை வச்சா எத்தனை நாள் ஆனாலும் கொடி வராது. வெளிச்சம் கம்மியானா மஞ்சள் வெள்ளை கோடெல்லாம் மறைஞ்சு முழுப் பச்சை ஆகிடும், அப்ப ஜன்னல் பக்கம் நகர்த்துங்க.

ஸ்பைடர் பிளான்ட் எனக்கு ரொம்பப் பிடிச்ச செடி. தெற்கு ஆப்பிரிக்கா பக்கத்துல இருந்து வந்தது, நீளமா குச்சி விட்டு அது நுனியில குட்டிச்செடி தொங்கும், பாக்கவே அழகா இருக்கும். பூனை, நாய்க்கு விஷம் இல்ல. நடுத்தர வெளிச்சம் வேணும், மேல் மண்ணு ஒரு அங்குலம் காஞ்சதும் ஊத்தணும். இலை நுனி பழுப்பா காயுறதுதான் இதுல எல்லாரும் சொல்ற குறை, பெரும்பாலும் தண்ணியில இருக்குற உப்பு, ஃபுளோரைடு காரணமாத்தான் அப்படி ஆகும், மழைத்தண்ணி பிடிச்சு ஊத்திப் பாருங்க, புது இலை சுத்தமா வரும். காஞ்ச நுனியைக் கத்திரியால சாய்வா வெட்டிவிட்டாலும் போதும்.

பீஸ் லில்லி வீட்டுக்குள்ள நிழல்லயும் வெள்ளையா பூக்குற சில செடிங்கள்ல ஒண்ணு. தாகம் எடுத்தா மொத்த செடியும் தொங்கிப்போயிடும், தண்ணி ஊத்தின சில மணி நேரத்துல மறுபடி நிமிர்ந்துடும். புதுசா செடி வளர்க்குறவங்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை, வேர் அழுகினாலும் இதே மாதிரிதான் தொங்கும், அதனால தொங்குதுன்னு உடனே ஊத்தாம மண்ணை விரல் விட்டுப் பாத்துட்டு ஊத்துங்க.

அரேகா பாம் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. மடகாஸ்கர்ல இருந்து வந்தது, ரூமுக்கு ஒரு காடு மாதிரி தோற்றம் குடுக்கும், பூனைக்கும் நாய்க்கும் பாதுகாப்பு. ஆனா இதை சுலபமான செடின்னு நான் சொல்ல மாட்டேன். நல்ல வெளிச்சம் வேணும், ஏசி காத்து நேரா பட்டா நுனி காயும், வறண்ட ரூம்ல இலைக்கு அடியில செஞ்சிலந்திங்கிற, சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி வந்துடும். பெரிய ஜன்னல் இருக்குறவங்க வாங்குங்க. வெளிச்சம் கம்மி, ஆனா பாம்தான் வேணும்னா சாமிடோரியா வகை பார்லர் பாம் கேட்டு வாங்குங்க, சின்னதா இருக்கும், அதுவும் விஷம் இல்லாதது.

ரப்பர் செடி, அக்லோனிமா ரெண்டும் நல்ல தேர்வுதான். ரப்பர் செடிக்கு ஜன்னல் பக்கம் வேணும், அகலமான இலைங்கிறதால தூசி துடைக்க சுலபம், வெட்டினா பால் வரும், கையில பட்டா அரிக்கும், கழுவிடுங்க. அக்லோனிமாவுல முழுப் பச்சை வகை குறைஞ்ச வெளிச்சத்துக்கு தாங்கும், சிவப்பு பிங்க் வகைக்கு வெளிச்சம் கூட வேணும்.

வாங்க வேண்டாம்னு சொல்றதும் சொல்லிடுறேன். அந்த நாசா பட்டியல்லயே ஜெர்பெரா, செவ்வந்தி இருக்கும், ரெண்டுக்கும் நல்ல வெயில் வேணும், ஹால்ல வச்சா பூத்து முடிஞ்சதும் வாடிடும். வீப்பிங் ஃபிக்னு ஒரு செடியும் அதுல உண்டு, இடம் மாத்தினாலே இலையைக் கொட்டும், அதோட பால் தூசியோட கலந்து சில பேருக்கு அலர்ஜி கிளப்பும்னு மருத்துவ ரீதியா தெரிஞ்ச விஷயம், இரைப்பு உள்ளவங்க வீட்டுல வேண்டவே வேண்டாம். பாஸ்டன் ஃபெர்ன் அழகுதான், எப்பவும் ஈரமும் ஈரக்காத்தும் கேக்கும், ஏசி ரூம்ல ரெண்டு வாரத்துல முறுகிடும். துளசி, கத்தாழை ரெண்டும் வெயில் செடிங்க, பால்கனியில வைங்க.

குழந்தை, பூனை, நாய் இருக்குற வீடு

மணி பிளான்ட், பீஸ் லில்லி, ஜீஜீ, அக்லோனிமா, டிஃபன்பேக்கியா எல்லாத்துலயும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி மாதிரி இருக்கும், கடிச்சா வாயும் நாக்கும் எரிஞ்சு வீங்கும், எச்சில் ஒழுகும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வராது, ஆனா குழந்தை துடிச்சுப் போயிடும், அதுவும் டிஃபன்பேக்கியா கடுமையானது, சின்னக் குழந்தை இருக்குற வீட்டுல நான் வைக்க விடவே மாட்டேன். ஸ்னேக் பிளான்ட்டை மென்னாலும் பூனைக்கு வாந்தி வரும். நிஜ லில்லி பூ, அதாவது பூங்கொத்துல வர்ற லிலியம் வகை, பூனைக்கு எமன், மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போயிடும், பூனை இருந்தா அந்தப் பூவை வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க. பீஸ் லில்லி பேருல மட்டும்தான் லில்லி, அந்த இனமே இல்ல. பயமில்லாம வைக்கணும்னா ஸ்பைடர் பிளான்ட், அரேகா, பார்லர் பாம், ஆஸ்பிடிஸ்ட்ரா, பெப்பரோமியா, ஹாவொர்த்தியா, இந்த ஆறும் போதும்.

கடையில என்ன பாக்கணும்

ரொம்ப பெரிய செடியா பாத்து எடுக்காதீங்க, நடுத்தர சைஸ் வீட்டுக்கு சீக்கிரம் பழகும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, இலைக்கும் தண்டுக்கும் நடுவுல பஞ்சு மாதிரி வெள்ளையா இருந்தா மாவுப்பூச்சி, நூலாம்படை மாதிரி மெல்லிசா இருந்தா செஞ்சிலந்தி, அதை அப்படியே வச்சுட்டு வந்துடுங்க. தண்டை அடியில லேசா அமுக்கிப் பாருங்க, கொழகொழன்னு இருந்தா அழுகல் ஆரம்பிச்சாச்சு. மண்ணை மோந்து பாருங்க, புளிச்ச வாடை வந்தாலும் அதே கதைதான். புதுக் குருத்து ஒண்ணாவது வந்துட்டு இருக்குற செடியா எடுங்க.

வீட்டுக்கு வந்ததும் மத்த செடிங்க பக்கத்துல வைக்காம ரெண்டு வாரம் தனியா வைங்க, ஒளிஞ்சிருக்குற பூச்சி அதுக்குள்ள வெளிய தெரிஞ்சுடும். உடனே தொட்டி மாத்தாதீங்க, இடம் மாறின அதிர்ச்சியே அதுக்குப் போதும், முதல்ல ஒண்ணு ரெண்டு இலை மஞ்சளாகி விழுந்தாலும் பயப்பட வேண்டாம்.

தொட்டியில அடியில ஓட்டை கட்டாயம் இருக்கணும். அழகான பீங்கான் தொட்டி ஓட்டையில்லாம இருந்தா, செடியை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியிலயே வச்சு அதுக்குள்ள இறக்கிடுங்க, தண்ணி ஊத்தும்போது வெளிய எடுத்து வடிய விட்டு மறுபடி வைங்க. அடியில கல்லு போட்டா தண்ணி வடியும்னு சொல்றாங்க, அது வடியாது, கல்லுக்கு மேல இருக்குற மண்ணுலயே ஈரம் தேங்கி நிக்கும், வேருக்கு இன்னும் கிட்ட வந்துடும். மண்ணு லேசா, காத்தோட்டமா இருக்கணும், வெறும் தோட்டத்து மண்ணு வீட்டுக்குள்ள கட்டியாகி இறுகிடும். மண், கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு), பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) இல்லாட்டி ஆத்து மணல், கொஞ்சம் மண்புழு உரம் கலந்துக்கங்க, ஸ்னேக் பிளான்ட்டுக்கும் ஜீஜீக்கும் மொத்தக் கலவையில பாதி மணலும் பெர்லைட்டுமா இருக்கட்டும். தொட்டி மாத்தும்போது பழசை விட ஒண்ணு ரெண்டு அங்குலம் மட்டும் பெருசு போதும், ரொம்பப் பெரிய தொட்டின்னா வேர் தொடாத மண்ணுல ஈரம் நிக்கும்.

தண்ணி

வீட்டுச் செடி சாகுறதுக்கு முதல் காரணம் தண்ணி கூடிப்போறதுதான், அதனால இங்க கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். வேருக்கு மூச்சு விட காத்து வேணும், மண்ணுக்குள்ள இருக்குற சின்னச் சின்ன இடைவெளியில அந்தக் காத்து இருக்கு, தண்ணி எப்பவும் நிரம்பி நின்னா வேர் மூச்சு முட்டி சாகும், செத்த வேர்ல பூஞ்சை ஏறும், வேர் இல்லாத செடி தண்ணி இழுக்க முடியாம வாடும். நாம வாடுதேன்னு இன்னும் ஊத்துவோம். என் 14 தொட்டியில 9 இப்படித்தான் போச்சு, ஒவ்வொண்ணையும் தொட்டியில இருந்து எடுத்துப் பாத்தப்ப வேர் கருப்பா கூழா இருந்துச்சு, ரொம்ப வருத்தமா இருந்துச்சு எனக்கு.

கிழமை வச்சு ஊத்தாதீங்க. விரலை ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விடுங்க, ஈரம் ஒட்டினா இன்னிக்கு வேண்டாம். பெரிய தொட்டின்னா ஒரு மரக்குச்சியை அடி வரைக்கும் குத்தி எடுங்க, மண்ணு ஒட்டிட்டு வந்தா இன்னும் ஈரம் இருக்கு. கொஞ்சம் பழகினப்புறம் தொட்டியைத் தூக்கிப் பாத்தாலே கனம் வச்சு தெரிஞ்சுடும். ஊத்தும்போது அடி ஓட்டை வழியா வடியுற வரைக்கும் ஊத்துங்க, 15 நிமிஷம் கழிச்சு அடித்தட்டுல நிக்கிற தண்ணியைக் கொட்டிடுங்க.

பூச்சி, பூஞ்சை, தூசி

மண்ணுல இருந்து கிளம்புற அந்த சின்ன கருப்புப் பூச்சி கடிக்காது, ஆனா எரிச்சல். அதோட புழு மேல் மண்ணு ஈரத்துலதான் வாழும், மேல் ரெண்டு அங்குலம் நல்லா காய விட்டுட்டா தானா அடங்கும், பறக்குறதைப் பிடிக்க மஞ்சள் ஒட்டும் அட்டை ஒண்ணு செருகி வைங்க. மண்ணு மேல வெள்ளைப் பூஞ்சை வந்தா அந்த மேல் அடுக்கை சுரண்டி வெளிய போட்டுட்டு தண்ணியைக் குறைச்சு, காத்து படுற இடத்துக்கு மாத்துங்க. செடிக்கு அது பெருசா கெடுதல் பண்ணாது, வீட்டுல ஆஸ்துமா, அலர்ஜி இருக்குறவங்களுக்குத்தான் கெடுதல், அதனால விட்டு வைக்காதீங்க. ரூம்ல ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல போனா சுவர்லயும் பூஞ்சை வர ஆரம்பிக்கும், ஏற்கனவே ஓதம் ஏறுற ரூம்னா தொட்டியே வேண்டாம், இல்ல ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கங்க. மாவுப்பூச்சிக்கு பஞ்சுல சானிடைசர் ஆல்கஹாலைத் தொட்டு ஒவ்வொண்ணா துடைங்க, வாரம் ஒரு தடவைன்னு மூணு நாலு வாரம் விடாம பண்ணணும், ஒரு தடவையோட விட்டா முட்டையில இருந்து திரும்ப வந்துடும்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஈரத்துணியால இலையைத் துடைங்க, ஒரு கையால இலையை அடியில தாங்கிக்கிட்டு மேல துடைக்கணும். தூசி படிஞ்சா இலைக்கு வெளிச்சம் போகாது, அதோட அந்தத் தூசி ஃபேன் காத்துல மறுபடி பறக்கும். பளபளப்புக்குன்னு எண்ணெய் தடவாதீங்க, துளை அடைஞ்சு தூசி இன்னும் ஒட்டும். உரம் வளர்ற காலத்துல மாசம் ஒரு தடவை, பாக்கெட்டுல போட்டிருக்குற அளவுல பாதி போதும்.

எத்தனை செடி வைக்கலாம்னா, முதல் மூணு மாசத்துக்கு ரெண்டே ரெண்டு. வெளிச்சம் கம்மியான இடத்துக்கு ஒரு ஸ்னேக் பிளான்ட், ஜன்னல் பக்கத்துக்கு ஒரு ஸ்பைடர் பிளான்ட். ரெண்டும் புது இலை விட ஆரம்பிச்சுதுன்னா உங்க வீட்டு வெளிச்சமும் உங்க கையும் பழகிடுச்சுன்னு அர்த்தம், அடுத்ததை அப்ப வாங்குங்க. வாங்கவும் தேவையில்ல, ஸ்பைடர் பிளான்ட் குட்டியை வெட்டி தண்ணியில வச்சா ரெண்டு வாரத்துக்குள்ள வேர் விட்டுடும். ஸ்னேக் பிளான்ட் இலையைத் துண்டு போட்டு மண்ணுல நட்டாலும் வரும், மாசக்கணக்கு ஆகும், ஆனா மஞ்சள் ஓரம் உள்ள வகையை இலைத்துண்டுல வளர்த்தா குட்டி முழுப் பச்சையாத்தான் வரும், அந்த மஞ்சள் கோடு வேணும்னா தொட்டியைக் கவுத்து பக்கக் கன்னை வேரோட பிரிச்சு நடுங்க. எங்க அம்மா ரூம்ல இப்ப இருக்குற மூணாவது தொட்டி அப்படிப் பிரிச்சதுதான், அவங்களே உக்காந்து பிரிச்சு நட்டாங்க.